கட்டுக்குருந்தவுக்கு 300 கிலோமீற்றர்: சஸ்பென்ஷன் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவருக்குத் தார் போட்ட பந்தய சர்க்யூட் வேண்டுமென்றால் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த வரை போக வேண்டும். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், கொழும்பு என்று ஏறக்குறைய 300 கிலோமீற்றர். அங்கே மொத்தமாக அரை மணித்தியாலம் ஓடிவிட்டு அதே காரில் திரும்பி வர வேண்டும். கீழே உள்ள பதில்களை இந்த 600 கிலோமீற்றரை நினைத்துத்தான் எழுதியிருக்கிறேன். காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோகிறவருக்கு வேறு பதில்.

நண்பனின் ஹொண்டா ஈகே சிவிக்கில் முன்னுக்கு 10 கிலோ ஸ்பிரிங். அருமையாக ஓடுகிறது. என் சுவிஃப்டுக்கும் 10 கிலோ போடலாமா? (உப்புவெளி)

வேண்டாம் தம்பி. பெட்டியில் எழுதியிருக்கும் 10 கிலோ, ஸ்பிரிங்கை 1 மில்லிமீற்றர் அமுக்க வேண்டிய பாரம். சக்கரம் உணர்வது அந்த எண்ணை அல்ல. ஈகேயின் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு. ஸ்பிரிங்கைச் சுமக்கும் ஷொக் (துள்ளலை அடக்கும் குழாய்) கீழ்க் கையின் நடுப்பக்கமாக உட்காருவதால், சக்கரம் 10 மில்லிமீற்றர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மட்டில்தான் அமுங்கும். அமுங்கும் தூரமும் சக்கரத்துக்கு வரும் பலமும் இரண்டுமே இந்த 0.7 விகிதத்தில் குறைவதால் 0.7ஐ 0.7ஆல் பெருக்க வேண்டும்: 0.49. ஆகவே அந்த 10 கிலோ சக்கரத்தில் 5 கிலோ மாதிரித்தான் வேலை செய்கிறது.

உங்கள் சுவிஃப்டில் முன்னுக்கு ஸ்ட்ரட், அதாவது ஷொக்கே சக்கரத்தை நேராகப் பிடிக்கும் அமைப்பு. ஸ்பிரிங் கிட்டத்தட்டச் சக்கரத்தின் அசைவு முழுவதையும் வாங்கும். விகிதம் 0.95 என்று வைத்தால் அதே கணக்கில் 5 கிலோ ஸ்பிரிங்கே சக்கரத்தில் 4.5 கிலோ கொடுக்கும். நண்பனின் காரில் கிடைக்கும் அதே இறுக்கம் உங்களுக்கு 5, 5.5 கிலோவில் வந்துவிடும். 10 போட்டால் பள்ளத்தில் டயர் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் டயரால் பிரேக்கும் பிடிக்க முடியாது, வளையவும் முடியாது. வாங்கும்போது ஸ்பிரிங் எண்ணோடு, அந்த எண்ணுக்குத்தான் ஷொக் வால்வ் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். பொருந்தாத ஷொக்கில் எந்த ஸ்பிரிங்கும் வீண்.

இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதாதா? (கிண்ணியா)

கூடாது. வெட்டிய ஸ்பிரிங் இறுகும், ஆனால் அமுங்க இடம் குறைந்துவிடும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகவும் கூடும். காசு குறைவென்றால் 25, 30 மில்லிமீற்றர் இறக்கும் நல்ல ஸ்பிரிங்கும் புது ஷொக்கும் போடுங்கள். ரோட்டுக்கு அது மோசமான கொயில் ஓவரை (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷொக் செட்) விட எவ்வளவோ மேல்.

அதற்கும் கீழே இறக்க ஆசைப்பட்டால், காரை நிலத்தில் விட்டுக் குனிந்து கீழ்க் கையைப் பாருங்கள். ஸ்ட்ரட் காரில் கையின் வெளி நுனி உள் நுனியை விட மேலே போய்விட்டதா? அப்படியென்றால் ரோல் சென்டர் (வளைவில் கார் சாயும் மையம்) மிகவும் இறங்கிவிட்டது. கார் தாழ்ந்து நிற்கும், ஆனால் வளைவில் முன்னையை விட அதிகமாகச் சாயும். இன்னொன்று: உயரத்தை மாற்றினால் கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, காரின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது திரும்ப இறுக்க வேண்டும். ஜக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும்.

ஜப்பானில் பாவித்த கொயில் ஓவர் செட் ஒன்று மலிவாக வருகிறது. என்ன பார்ப்பது? (நிலாவெளி)

ஷொக் தண்டில் புள்ளிப் புள்ளியாகத் துரு இருந்தால் விட்டுவிடுங்கள், அது சீலை அறுத்துவிடும். எண்ணெய்க் கசிவு இருந்தாலும் அப்படியே. மொனோட்யூப் (கேஸ் அழுத்தமுள்ள ஒற்றைக் குழாய் ஷொக்) என்றால் தண்டைக் கையால் அமுக்கி விடுங்கள். தானாக மெதுவாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் கேஸ் போய்விட்டது. கடைசியாக உயரம் மாற்றும் வளையத்தைச் சுழற்றிப் பாருங்கள்.

நிலாவெளி என்பதால் இதையும் சொல்கிறேன். இரும்புப் புரியில் இருக்கும் அலுமினிய வளையம் உப்புக் காற்றில் அரித்துப் பிடித்துக்கொள்ளும். என் சொந்தக் காரில் ஒரே மாரியில் இரண்டு வளையங்கள் இறுகி, வெட்டித்தான் எடுத்தேன். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, வடிவாகக் காயவிட்டு, காய்ந்து படியும் வகை ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் பூசாதீர்கள், கடற்கரை மணல் முழுவதும் அதில் ஒட்டும்.

கொயில் ஓவர் போட்டு எலைன்மென்ட் செய்தேன். கடைத் தாளில் எல்லாம் பச்சை. இரண்டு மாதத்தில் முன் டயர்களின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது. ஏன்? (அநுராதபுரச் சந்தி)

பச்சை என்றால் கம்பனி கொடுத்த எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்த எல்லை அகலமானது, அதோடு இறக்காத காருக்கு உரியது. நிறத்தை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள். உள்பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளே சாய்ந்து நிற்பதைத், திட்டுவார்கள். ஆனால் ரோட்டில் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது சக்கரங்களின் முன் ஓரம் உள்ளே (டோ இன்) அல்லது வெளியே (டோ அவுட்) திரும்பியிருப்பது. மைனஸ் 2 டிகிரி கேம்பரும் பூச்சிய டோவும் உள்ள கார் நீண்ட நாள் ஓடும். அதே கேம்பரில் கொஞ்சம் டோ அவுட் சேர்ந்தால் உள் ஓரம் சீக்கிரமே மொட்டையாகும்.

உங்களுக்கு நான் வைப்பது: முன்னுக்கு கேம்பர் மைனஸ் 1.5 முதல் 2 வரை, டோ பூச்சியம். பின்னுக்கு கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5, டோ இன் மொத்தம் 1, 2 மில்லிமீற்றர். சுவிஃப்ட் மாதிரிப் பின் சக்கரங்களை ஒரே பீம் இணைக்கும் கார்களில் பின்பக்கத்தை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் மாற்றலாம். அளந்து பார்த்து, நேராக இருந்தால் தொடாதீர்கள்.

ஒழுங்கு முக்கியம். முதலில் உயரம், டயர்க் காற்று, பிறகு ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டை. பின் சக்கரங்கள் முதலில், முன் கேம்பர் அடுத்து, முன் டோ கடைசியில். கேம்பரை அசைத்தால் டோவும் அசையும் என்பதால் இதைத் தலைகீழாகச் செய்தால் செய்த வேலை வீண்.

இதை வீட்டிலும் பார்க்கலாம். நமது ஊரில் தங்கூசிக்கு (மீன்பிடி நைலோன் நூல்) பஞ்சமா? காரின் இரு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் தங்கூசியை இறுக்கிக் கட்டுங்கள். முன் அச்சில் இடது மையத்திலிருந்து நூலுக்கும் வலது மையத்திலிருந்து நூலுக்கும் ஒரே தூரம் வர வேண்டும். பின் அச்சிலும் அப்படியே. முன்னும் பின்னும் ஒன்றாக வரத் தேவையில்லை, இரண்டு அச்சிலும் சக்கரங்களுக்கு இடையிலான அகலமே வேறு. பலர் பிழை விடுவது இங்கேதான். பிறகு ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டையும் நூலிலிருந்து அளங்கள். முன் விளிம்பு தூரமாக இருந்தால் டோ இன். விளிம்புக்கு விளிம்பு 400 மில்லிமீற்றர் உள்ள ரிம்மில் 1 மில்லிமீற்றர் வித்தியாசம் 0.14 டிகிரி. கேம்பருக்குத் தூக்குக் குண்டு போதும்: அதே 400இல் 7 மில்லிமீற்றர் என்றால் 1 டிகிரி. நிலம் மட்டமா என்று மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் ட்யூப்பால் முதலில் பாருங்கள். ஜக்கிலிருந்து இறக்கியதும் அளக்க வேண்டாம், இரண்டு மீற்றர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளங்கள்.

எத்தனை கிளிக் வைப்பது? (மூதூர்)

எண்ணை நான் சொல்லிப் பயனில்லை, முறையைச் சொல்கிறேன். ஷொக்கின் இறுக்கத்தை மாற்றும் குமிழை முழுவதும் இறுக்கி, அங்கிருந்து கிளிக்கை எண்ணத் தொடங்குங்கள். நடுவில் வைத்து ஓடுங்கள். ஒருமுறை முன்பக்கம் அல்லது பின்பக்கம் மட்டும், இரண்டு கிளிக், எழுதி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். கார் விறைப்பாகத் தெரிவது வேகமாக இருப்பதற்கு அடையாளம் அல்ல. ரிபவுண்ட் (அமுங்கிய ஷொக் திரும்ப நீளுவதை அடக்கும் பலம்) மிகவும் இறுகினால், தொடர்ந்து வரும் குலுக்கல்களில் சக்கரம் கீழே திரும்பி வர நேரமில்லாமல் கார் படிப்படியாக அமிழ்ந்துவிடும்.

டிராக்கில் டயரே உண்மையைச் சொல்லும். பிட்டுக்கு வந்த உடனே, ஆறவிடாமல், உள், நடு, வெளி என மூன்று இடத்தில் வெப்பம் பாருங்கள். வெளிப்பக்கம் அதிகச் சூடென்றால் கேம்பர் போதாது. நடுப்பகுதி மட்டும் சூடென்றால் காற்று அதிகம்.

இதே செட்டப்போடு சாலியபுர கஜபா சுப்பர்குரொஸ் பந்தயமும் ஓடலாமா? (தம்பலகாமம்)

ஓடாதீர்கள். அது மண். அங்கே வேண்டியது உயரமும், சக்கரம் நீளமாக இறங்கி ஏறும் இடமும், மெல்லிய ஸ்பிரிங்கும். தாருக்கு இறக்கிய காரில் பம்ப் ஸ்டொப் (ஷொக் அடிவரை அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) முதல் சுற்றிலேயே நசுங்கும், அடுத்த அடி ஷொக்கின் மேல் மவுண்டுக்கு விழும்.