சபையாரோடு போதகர் நெருங்கிப் பழகலாமா?

கேள்வி: சபைப் போதகருக்குச் சபைக்குள்ளேயே நெருங்கிய நண்பர்கள் இருக்கலாமா? இத்தனை ஊழியத்துக்கு நடுவில் அவருடைய குடும்பம் என்ன ஆகும்?

இருக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த நட்புக்கு, ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் ஓட்டு இருக்கக் கூடாது.

நான் தென்னிந்தியத் திருச்சபையின் குரு. மதுரை நகரத்திலும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலும் ஊழியம் செய்தவன். சுயாதீன சபைகளில் ஒரே போதகர் ஆயுள் முழுவதும் ஒரே சபையில் இருப்பதுண்டு. அவர்களுடைய சூழ்நிலை வேறு. எங்களுக்கு மாற்றல் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆர்டர் வரும், பிள்ளைகளின் டி.சி.யை வாங்கிக்கொண்டு, குருமனை என்கிற போதகர் வீட்டைக் காலி செய்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த சேகரத்துக்குப் போய்விட வேண்டும். நட்பைப் பற்றி எங்களுக்குள் நடக்கும் பேச்செல்லாம் இந்த ஒரு விதியிலிருந்துதான் தொடங்குகிறது.

"எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுங்க, யாரோடயும் ஒட்டாதீங்க தம்பி" என்பதுதான் மூத்த குருமார்கள் இளையவர்களுக்குச் சொல்லும் புத்தி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கமிட்டித் தேர்தல் வரும் காலத்தில், போதகர் யாருடைய காரில் ஏறினார், யார் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார் என்பதெல்லாம் கணக்கில் ஏறும். ஐயர் (போதகரை எங்கள் சபைகளில் அப்படித்தான் அழைப்பார்கள்) எங்கள் ஆள் என்று ஒரு தரப்பும், ஐயர் அவர்கள் ஆள் என்று மறு தரப்பும் பேசத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துப் பந்தியில் அவர் நீட்டும் கை சிலருக்குக் கட்சிக்காரனுடைய கையாகவே தெரியும். ஆனாலும் இந்தப் புத்தியை நான் முழுவதுமாக ஏற்றுக்கொண்டதில்லை. தம் சீஷர்களை இனி ஊழியக்காரர் என்று சொல்லாமல் சிநேகிதர் என்று அழைத்த இயேசுவைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு, எனக்கு மட்டும் சிநேகிதர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேதாகமத்தில் பவுல் தம் இளைய உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன் என்ற பெரிய வார்த்தைகளை நினைவில் வைத்திருக்கிற நாம், அதையடுத்து வருகிற சின்ன விஷயங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். சீக்கிரமாய் வா என்கிறார். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும், புஸ்தகங்களையும், தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்று மறுபடியும் சொல்கிறார். இத்தனை சபைகளை நிறுவியவருக்குக் குளிருக்கு ஒரு போர்வை வேண்டியிருந்தது. அதைக் கூச்சப்படாமல் கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்தார். அப்படிக் கேட்க ஆள் இல்லாத போதகர்தான் சபைக்கு ஆபத்தானவர் என்று நான் நினைக்கிறேன். தன் தேவைகளை எங்கேயும் சொல்ல முடியாதவர் அவற்றையெல்லாம் பிரசங்க பீடத்தில் கோபமாகக் கொட்டிவிடுவார்.

சபைக்குள் யாரோடு பழகுவது என்ற கேள்வியில் நாம் பேசத் தயங்குகிற ஒரு பகுதி உண்டு. வீடு சந்திக்கப் போகிறோம். வசதியான வீட்டில் பில்டர் காபி வருகிறது. பேச்சு சுலபமாக நீள்கிறது. அதே சேகரத்தில், ஊருக்கு ஒதுங்கிய தெருவில் ஒரு வீட்டுக்குப் போனால், அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு, பையனைக் கடைக்கு ஓட்டி ஒரு கலர் சோடா வாங்கிவரச் சொல்கிறார். மூடி போட்ட பாட்டில் என்றால் ஐயர் மறுக்க மாட்டார் என்று அந்த வீட்டில் யாரோ ஒரு காலத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். "கலர் வேண்டாம்மா, உங்க வீட்டுத் தண்ணி குடுங்க, இருந்தா காபி போடுங்க" என்று நான் கேட்பது வழக்கம். முதல் தடவை கொஞ்சம் தடுமாறுவார்கள். அடுத்த தடவை போகும்போது வாசலில் கால் வைத்தவுடனே அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும்.

இது இன்றைக்கு முளைத்த சிக்கல் அல்ல. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1840-களில் தன் ஊழியர்கள் சாதியை விட்டுவிட வேண்டும், எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விதித்தபோது, பலர் ஊழியத்தையே விட்டுப் போனார்கள். அந்த மிஷனின் வழியில் வந்த சபைகளில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். திங்கட்கிழமை யார் யார் வீட்டில் கை நனைக்கிறோம் என்பது வேறு கதை. போதகருடைய நட்பு தன் சொந்தபந்தம் வசிக்கிற தெருவோடு நின்றுபோனால், மேலே சொன்ன கட்சிப் பேச்சு வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

குடும்பத்துக்கு வருகிறேன். "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்ற வசனம் பெரும்பாலும் போதகர் பிள்ளைகளை மிரட்டத்தான் பயன்படுகிறது. எனக்கு அதைவிட யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரம் அதிகம் உதவியிருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும்படி மோசேக்கு மாமனார் எத்திரோ ஆலோசனை சொன்னதை எல்லாக் கூட்டங்களிலும் பேசுகிறோம். அந்த மாமனார் எதற்காக வனாந்தரம் வரை வந்தார்? திருப்பி அனுப்பப்பட்டிருந்த மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த மறுநாள், காலை முதல் சாயங்காலம் வரை மருமகனைச் சுற்றி ஜனங்கள் நிற்பதைப் பார்த்தார். நீர் செய்கிறது நல்லதல்ல என்றார். தன் மகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் பேசிய ஒரு தகப்பனுடைய குரலும் அதில் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். வேதபண்டிதர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

போதகரின் மனைவியைச் சபை சம்பளம் இல்லாத வேலையாளாக வைத்துக்கொள்கிறது. ஐயரம்மா என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி, ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியை, குருமனைக்கு நேரம் காலம் இல்லாமல் வருகிறவர்களுக்கு டீ போடுகிறவர். என் மனைவி பள்ளி ஆசிரியை. மாலை ஐந்து மணிக்கு நோட்டுக் கட்டோடு வீடு திரும்பும்போது முன்னறையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. என்னிடம் மனம் திறந்து பேசப்பட்ட காரியங்களை அவளிடம்கூட நான் சொல்வதில்லை; ஆனால் "ஐயா உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களேம்மா" என்று தெருவில் அவளை நிறுத்திக் கேட்கிறார்கள். தெரியாது என்று சொன்னால் நம்புவதில்லை. டிசம்பர் மாதம் முழுவதும் கேரல் பவனியில் ஊரார் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையும் முடித்து வீட்டுக்கு வந்தால், என் பிள்ளைகளுக்குக் கிடைப்பது தூங்கி விழுகிற ஒரு தகப்பன்தான். ஆகவே எங்கள் வீட்டில் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு உரியது. மரணம், ஆஸ்பத்திரி தவிர வேறெதற்கும் அன்றைக்கு வெளியே போவதில்லை என்று ஒவ்வொரு சேகரத்திலும் முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே சொல்லிவிடுவேன். முணுமுணுப்பு வரும், பிறகு பழகிவிடும்.

இப்படி ஒரு போதகர் விலகி நிற்பதால் சபை கெட்டுப்போவதில்லை. சபையில் ஒரு தாயார் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, அறுவை சிகிச்சை முடிந்து, வார்டுக்கும் மாற்றப்பட்ட பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால், வாலிபர் சங்கத்துப் பையன்கள் ரத்தம் கொடுத்திருந்தார்கள்; இராத்திரி துணைக்கு யார் இருப்பது என்று பெண்கள் முறை போட்டிருந்தார்கள்; அந்த முறையில் கமிட்டித் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். "உங்களுக்குச் சொல்ல மறந்தே போச்சுங்கய்யா" என்றார் மகன். போதகராக இருந்து நான் கண்டவற்றில் என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது அந்த மறதி.

சபைக்கு வெளியேயும் போதகருக்கு நட்பு வேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் வேறு வேறு சேகரங்களில் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் பட்டம் கொடுத்து அழைக்காமல் பேசுவது எங்களுக்குள் மட்டும்தான். காலை நடையில் பழக்கமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், முருக பக்தர், கத்தோலிக்கக் குருவை அழைப்பதுபோல என்னை "பாதர்" என்றே அழைக்கிறார், திருத்துவதை விட்டுவிட்டேன். இடித்துச் சொல்வதற்கே நட்பு என்று வள்ளுவர் சொன்னதை அவர் கடமையாகச் செய்கிறார். "பாதர், உங்க ஸ்பீக்கர் எங்க தெரு வரைக்கும் கேக்குது. கடைசியாகச் சொல்கிறேன்னு நேத்து மூணு தடவ சொன்னீங்க" என்றார் ஒரு திங்கட்கிழமை. சபையில் யாரும் என்னிடம் இதைச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் போதகரோடு நட்பாக இருக்க விரும்பினால், ஜெபம் செய்யச் சொல்லாமல் குடும்பத்தோடு ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவருடைய மனைவியிடம் அந்த அம்மாவின் சொந்த வேலையைப் பற்றி விசாரியுங்கள். கமிட்டி விஷயத்தை அந்த இலையில் பரிமாறாதீர்கள். மாற்றலாகிப் போன பிறகு, மகளின் கல்யாணத்தைப் பழைய ஐயர்தான் நடத்திவைக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். புதிதாக வந்திருப்பவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்பது எனக்குத் தெரியும், நானும் ஒவ்வோர் ஊரிலும் புதிதாக வந்தவன்தான். அப்படி அழைப்பு வந்தால், இப்போதுள்ள குருவானவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போவேன். அங்கி போடாமல் மனைவி பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார எனக்குக் கிடைக்கிற ஆராதனைகள் அவைதான்.