பொந்துக்குள் தலை, வெளியே வால்: காமெட் மீன் கேள்வி பதில்

காமெட் மீனைப் பற்றி நீங்கள் அனுப்பியவற்றில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: சார், காமெட் என்றால் நீள வால் தங்கமீன்தானே? அது கடலில் எப்படி?

அது வேறு, இது வேறு. தங்கமீன் நன்னீர்ச் சாதி. நான் சொல்வது பவளப்பாறை இடுக்கில் வாழும் கருப்பு மீன். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அறிவியல் பெயர் கல்லோபிளீசியாப்ஸ் ஆல்டிவெலிஸ். ஸ்டைண்டாக்னர் என்ற மீனியலாளர் 1903-இல் பெயரிட்டார். 'ஆல்டிவெலிஸ்' என்றால் உயர்ந்த பாய். துடுப்பை விரித்து நிற்கும்போது பாய்மரம் போலத்தான் இருக்கும். சில கடைகளில் 'மரைன் பெட்டா' என்று விற்பார்கள், ஆனால் சண்டை மீனான பெட்டாவுக்கும் இதற்கும் உறவு கிடையாது.

கே: எவ்வளவு பெரிதாகும்? எங்கே இருக்கும்?

20 செ.மீ. வரை. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி பசிபிக்கின் லைன் தீவுகள் வரை.

கே: அண்ணா, பயந்தால் வாலை வெளியே விட்டுத் தலையை மட்டும் நுழைக்குமாமே. முட்டாள்தனமாக இல்லையா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. முழுசாக ஒளிய இடம் இருந்தாலும் பின்பாதியை வெளியே விட்டுவைக்கும். அந்தப் பின்பாதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதுகுத் துடுப்பின் கடைசியில் வெளிர் வளையம் போட்ட ஒரு கரும்பொட்டு. அதுதான் கண். அடிப்பக்கத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே விழும் இடைவெளி, பிளந்த வாய். மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. பொந்திலிருந்து அஞ்சாலை விலாங்கு ஒன்று தலையை நீட்டுவது போலவே இருக்கும்.

அதுவும் ஏதோ ஒரு விலாங்கு இல்லை. இதே கடல்களில் வாழும், கரும்பழுப்பு உடம்பில் வெண்புள்ளி கொண்ட வெள்ளைவாய் அஞ்சாலை. கடித்தால் சதை கிழியும். மெக்காஸ்கர் என்ற மீனியலாளர் 1977-இல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார். தீங்கில்லாத உயிர், ஆபத்தான ஒன்றின் வேடம் போட்டுத் தப்புவதை 'பேட்சியன் போலி' என்பார்கள். அமேசான் பட்டாம்பூச்சிகளில் இதைக் கண்டு சொன்ன பேட்ஸ் என்ற இயற்கை ஆய்வாளரின் பெயர்தான் அதில் இருப்பது.

கே: வெறும் பொய்க்கண் பல மீன்களுக்கு உண்டே. இதை விலாங்கு வேடம் என்பது மிகையோ?

நியாயமான சந்தேகம். பட்டாம்பூச்சி மீன்களின் பொய்க்கண், கடிப்பவனைத் தலையிலிருந்து திருப்பிவிடத்தான். அந்த மீன் உடனே ஓடிவிடும். காமெட் ஓடுவதில்லை. துடுப்பை விரித்து, அப்படியே காட்டிக்கொண்டு நிற்கிறது. நிறம், புள்ளி, பொந்து, நிற்கும் விதம் எல்லாம் சேர்ந்து வருவதால் நான் வேடம் என்ற பக்கம்தான்.

கே: குஞ்சுகளை யார் பார்த்துக்கொள்வது?

முட்டையைத்தான் பார்த்துக்கொள்ளும், அதுவும் அப்பா மட்டும். பொந்துச் சுவரில் முட்டைகள் கட்டியாக ஒட்டியிருக்கும். பொரியும்வரை ஆண் காவல். பொரிந்த பிறகு குஞ்சுகள் நீரோட்டத்தோடு போய்விடும்.

கே: தொட்டியில் வளர்க்கலாமா? வாங்கி ஒரு வாரமாகக் கண்ணிலேயே படவில்லை.

செத்துவிட்டது என்று கல்லையெல்லாம் பெயர்த்துவிடாதீர்கள்! பகலில் பதுங்கி, இருட்டியதும் இரை தேடும் மீன் அது. விளக்கை அணைத்து, உயிருள்ள சின்ன இறால் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்ல மிதந்து வந்து, கடைசி நொடியில் லபக்கென்று விழுங்கும். நல்ல பொந்துள்ள கல் வேண்டும். வாய்க்குள் அடங்கும் மீன் கூடவே கூடாது. அப்புறம், தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள், கிடைக்கிறது.

கே: அடுத்த மாதம் மாலத்தீவில் டைவிங். பொந்தில் இருப்பது காமெட்டா அஞ்சாலையா, எப்படித் தெரியும்?

வாயைப் பாருங்கள். அஞ்சாலை மூச்சுவிட வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். காமெட்டின் 'வாய்' அசையாது. சந்தேகமாக இருந்தால் விரலை நீட்ட வேண்டாம்.