ஆறு வயதுப் பிள்ளைக்கு ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று வீட்டிலேயே செய்து காட்ட என்ன வழி?

டிவியில் ராக்கெட் கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை உங்களை விடாமல் கேட்கிறது என்று நினைக்கிறேன். எல்லோரும் பலூனைத்தான் சொல்வார்கள். நான் முதலில் ஊஞ்சலைச் சொல்வேன்.

பணகுடிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் நான். இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி எங்களுக்குப் பக்கம்தான். அங்கே இருந்துகொண்டு பல வருஷம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், 'ராக்கெட் கீழே உள்ள காற்றை உதைத்துக்கொண்டு மேலே போகிறது' என்று. 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பிய மறுவாரம் இரண்டாம் வகுப்புப் பையன் கேட்டான்: "டீச்சர், நிலாகிட்ட காத்தே இல்லன்னீங்க, அங்க எத உதைக்கும்?"

அன்றிரவு தேடிப் படித்தேன். மறுநாள் வேப்பமரத்து ஊஞ்சலில் அவனையே உட்காரவைத்தேன். காலைத் தூக்கிக்கொண்டு, மடியிலிருந்த புத்தகப் பையை வேகமாக முன்னால் எறியச் சொன்னேன். பை மண்ணில் விழுந்தது, ஊஞ்சல் ஒரு சாண் பின்னால் போனது. சட்டென்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பை என்னத் தள்ளிட்டு டீச்சர்" என்றான்.

அப்புறம்தான் பலூன். ஜன்னல் கம்பிக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் நடுவே தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, அதில் ஸ்ட்ராவைக் கோத்து, ஊதிய பலூனை வாய் கட்டாமல் டேப் போட்டு ஒட்டி விடுங்கள். நீள பலூன் நேராக ஓடும். இங்கே பைக்குப் பதில் எறியப்படுவது காற்று, ராக்கெட்டில் எரிந்த வாயு. சந்திரயானைச் சுமந்த எல்விஎம்3 ராக்கெட் கிளம்பும்போது ஏறக்குறைய 640 டன். அதில் முக்கால்வாசிக்கு மேல் எரித்து வெளியே எறியத்தான். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் அதுவே கொண்டுபோகிறது, அதனால் வெளியே காற்று இல்லாவிட்டாலும் ஓடும்.

'உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு) என்று சொல்லாமல் பை, ஊஞ்சல் என்கிறாரே' என்று படித்தவர்கள் யாராவது வரலாம். ஆறேழு வயதுக்கு இது போதும், இதில் பொய் எதுவும் இல்லை.

அந்த வருஷம் அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகளே இதைச் செய்து காட்டினார்கள். பரிசு, கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கிய தெர்மாகோல் ராக்கெட்டுக்குப் போனது. வண்ணம் அடித்து அழகாக நின்றது, அவ்வளவுதான். நடுவர் 'இது விளையாட்டும்மா' என்று பலூனைத் தாண்டிப் போனதும், அந்தப் பையன் நூலைச் சுருட்டிக்கொண்டு நின்றதும் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, வீட்டில் ஊஞ்சல் இல்லையென்றால் சக்கரம் வைத்த நாற்காலி போதும். வழுவழுப்பான தரையாக இருக்கட்டும், நாற்காலியை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.