முழங்கால் வலியுள்ள தாயாருடன் பிராக்கில் இரண்டு நாள்

நவம்பரில் இரண்டே நாள்கள் செக் நாட்டுத் தலைநகர் பிராக் செல்வதாகவும், அந்நகரின் கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) சூழலைத் தாயாருக்குக் காட்ட விரும்பினாலும் முழங்கால் வலியால் அவரால் கோட்டை மேட்டில் ஏற இயலாது என்றும் எழுதியிருந்தீர்கள். ஏற வேண்டிய தேவையே இல்லை. மாலோஸ்ட்ரான்ஸ்கா நிறுத்தத்தில் 22ஆம் எண் டிராமைப் பிடித்து, பிராஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்கினால், அங்கிருந்து பெரும்பாலும் சமதளமாகவே நடந்து கோட்டையின் இரண்டாம் முற்றத்தை அடைந்துவிடலாம்.

கோட்டைக்குள் இருக்கும் புனித வைட்டஸ் பேராலயத்தின் முகப்பைப் படமெடுத்த கையோடு திரும்பிவிடாதீர்கள். 1344இல் தொடங்கிய கட்டுமானம் 1929இல்தான் நிறைவுற்றது என்பதால், இரட்டைக் கோபுரம் கொண்ட அந்த மேற்கு முகப்பு மிகவும் பிற்காலத்தது. தெற்குப் பக்கமாகச் சுற்றிக் கிழக்கே வந்தால்தான், கறுத்துப்போன மணற்கல்லும், சுவருக்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் வளைவுகளுமாக இடைக்காலப் பகுதி கண்முன் விரியும். மழை தூறினால் அதை நல்வாய்ப்பு என்றே சொல்வேன். ஈரத்தில் அந்தக் கல் இன்னும் கருமையாகத் தெரியும். ஞாயிறு காலையில் வழிபாடு நடைபெறுவதால், அன்று பேராலயத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேராலயக் கோபுரத்தில் 287 படிகள் உள்ளன, அதைக் கைவிடுங்கள். அதற்குப் பதிலாக, பழைய நகரச் சதுக்கத்திலுள்ள பழைய நகர மன்றக் கோபுரத்துக்குச் செல்லுங்கள், அங்கே மின்தூக்கி உண்டு. சதுக்கத்துக்கு அப்பால் டீன் தேவாலயத்தின் ஊசிமுனைக் கோபுரங்களை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

ஆற்றின் மேலுள்ள சார்லஸ் பாலத்தின் சிலைகள் பெரும்பாலும் கோதிக்குக்குப் பிற்பட்ட பரோக் பாணியைச் சேர்ந்தவை. நீங்கள் தேடும் கோதிக் அழகு பழைய நகரப் பக்கத்துப் பாலக் கோபுரத்தில்தான் இருக்கிறது. அங்கே விடியற்காலையில், கூட்டம் சேருமுன் செல்லுங்கள். கல் பாவிய தரை வழுக்கும் என்பதால் தாயாருக்குப் பிடிமானமுள்ள காலணி அவசியம்.