மலை நடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 58 வயது, உடம்பும் கொஞ்சம் கனம், முழங்கால் வலி வேறு. தோழிகள் இரண்டு நாள் மலை நடைக்குக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ?

பதில்: ஆகமாட்டீர்கள், போய் வாருங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன்பே யார் முன்னால் நடப்பது என்று பேசி முடிவு செய்துவிடுங்கள். வழக்கமாக வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய், எங்காவது உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் ‘சரி, கிளம்பலாமா’ என்று எழுந்துவிடுவார்கள், அப்புறம் யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் அது கிடைக்காமல் போகும். அதனால் நீங்களே முன்னால் நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இது நல்ல திடகாத்திரமானவர்களுக்கு, அதுவும் ஓய்வைச் சேர்க்காமல் போட்ட கணக்கு. நீங்கள் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

முழங்காலைப் படுத்துவது பெரும்பாலும் ஏற்றமில்லை, இறக்கம்தான். இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து, இறங்கும்போது அதன் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பையின் கனம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள்; வலி உள்ளவர் அதைவிடக் குறைத்துக்கொள்வது நல்லது, கூடாரத்தை வேறொருவர் சுமக்கட்டும். பையை மாட்டியதும் இடுப்பு எலும்பின் மேல் பட்டையை முதலில் இறுக்குங்கள், தோள்பட்டை வார்களை அப்புறம். மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவனுக்கும் மலைப்பாதை சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். ஜோலெட் என்ற ஒற்றைச் சக்கர நாற்காலி இதற்காகவே பிரான்சில் உருவானது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துக் கரடுமுரடான பாதையிலும் கூட்டிப் போகலாம். அவனுடைய நாற்காலியிலேயே போவதானால், ‘எளிதான பாதை’ என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். அகலம் எவ்வளவு, படி உண்டா, பாதை பக்கவாட்டில் சரிகிறதா என்று வனத்துறையிடமோ அண்மையில் போய்வந்தவர்களிடமோ கேளுங்கள், படம் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லாம் சரியாக இருந்தும் குறுக்கே ஒரே ஒரு மரத்தடி கிடந்தால் போதும், பயணம் அங்கேயே நின்றுவிடும். எந்தப் பாதை என்பதை அவனையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த காலணி கட்டாயமா?

பதில்: இல்லை. எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955-இல், 67 வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார்; காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த பை. உங்களிடம் இருக்கிற, பிடிமானம் உள்ள ஷூவே தொடக்கத்துக்குப் போதும். பருத்திக் காலுறை மட்டும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் கிளப்பும். பாதத்தில் எங்காவது சூடு தட்டினால் அடுத்த நிறுத்தம் வரை பொறுக்காமல் உடனே உட்கார்ந்து டேப் ஒட்டிவிடுங்கள்.