‘ஐ ஆம் நோயிங்’ தப்பு என்றால், ‘ஐ ஆம் லவிங் இட்’ மட்டும் எப்படிச் சரி?

நான் பட்ட அவமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஆபீஸ் போன் காலில் ஒரு இங்கிலாந்துக்காரரிடம் வீட்டுக் கதை பேசும்போது, பெருமையாக ‘ஐ ஆம் ஹேவிங் எ டாட்டர்’ என்றேன். மனிதர் குஷியாகி, ‘கங்கிராட்ஸ்! வென் இஸ் ஷி ட்யூ?’ என்றார். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு! பெண் குழந்தை பிறக்கப்போகிறது என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. ‘ஐ ஹேவ் எ டாட்டர்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

நோ (தெரிந்திருப்பது), ஓன் (சொந்தமாக வைத்திருப்பது), பிலாங் (உரியதாக இருப்பது) மாதிரியான சொற்களை இலக்கணத்தில் ஸ்டேட்டிவ் வெர்ப் என்பார்கள். அவை செய்கிற வேலை அல்ல, இருக்கிற நிலை. ஓடுவதைப் பாதியில் நிறுத்தலாம், தெரிந்திருப்பதை எப்படி நிறுத்துவது? அதனால்தான் ‘இங்’ ஒட்டுவதில்லை.

நமக்கும் இது புதுசில்லை. ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்போமே தவிர, ‘தெரிஞ்சுக்கிட்டு இருக்கு’ என்போமா? பிடிக்கும், வேணும், போதும் எல்லாம் இதே ஜாதி. வழுக்குகிற இடம் ‘வச்சிருக்கேன்’தான் என்பது என் கணிப்பு. ‘சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்’, ‘கார் வச்சிருக்கேன்’ இரண்டுக்கும் ஒரே வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ என்று போய்விடுகிறோம். நமக்குள் பேசினால் யாருக்கும் குழப்பமில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் அதே சொல் வேலையாக மாறினால் ‘இங்’ தாராளமாக வரும். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரிதான், அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது. ‘தி சாம்பார் டேஸ்ட்ஸ் சால்ட்டி’ என்றால் சாம்பாரில் உப்பு தூக்கல். ‘ஷி இஸ் டேஸ்டிங் தி சாம்பார்’ என்றால் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்க்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி இது: ‘ஹி இஸ் ரூட்’ என்றால் ஆளே அப்படி, ‘ஹி இஸ் பீயிங் ரூட்’ என்றால் இன்றைக்கு என்னவோ முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

இனி தலைப்பில் கேட்ட லவிங். பர்கர் கம்பெனி மெக்டொனால்ட்ஸ் 2003-ல் ‘ஐ ஆம் லவிங் இட்’ என்ற இந்த விளம்பரத்தை முதலில் தொடங்கியது ஜெர்மனியின் மியூனிக்கில். அங்கே அது ‘இஷ் லீபே எஸ்’. ஜெர்மனில் ‘இங்’ மாதிரி தனி வடிவம் கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஐ லவ் இட்’ என்றால் எப்போதும் பிடிக்கும். லவிங் என்றால் வாயில் பர்கர் இருக்கிற இந்த நிமிஷத்து ரசனை. ஆங்கிலேயர்களே ‘ஐ ஆம் லவிங் திஸ் வெதர்’ என்று பேசுவார்கள். பாவம், ‘நோ’வுக்கு அந்தச் சலுகை இல்லை.

பரீட்சையில் கேட்டால் மட்டும் ‘ஐ லவ் இட்’ என்றே எழுதிவிட்டு வாருங்கள்.