வெடியும் மருந்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தைவான் பயணக்குறிப்பில் யான்ஷுய் ஊரின் போர்த்தெய்வக் கோயிலைப் பற்றி நான்கே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கூட்டத்துக்குள் ராக்கெட் விடுகிறார்கள், மேலே பட்டால் பீடை போகும் என்கிறார்கள், அவ்வளவுதான். படித்ததும் எரிச்சலாக இருந்தது. சீனத்துத் தாவோ நெறி என்றால் நீர், மென்மை, சும்மா இருத்தல் என்றுதான் நான் வாசித்திருக்கிறேன். அதன் கோயிலில் இந்தக் காட்டுச்சத்தம் எதற்கு? வெடிப்புகையால் கொள்ளைநோய் போனது என்பதை நீங்கள் நம்புகிறீர்களா? நம்மைப்போன்றவர்கள் உள்ளே போய்க் கும்பிடலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

நான்கு வரியில் முடித்தது பிழைதான். அந்த இரவுக்குப்பின் இரண்டு நாள் எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. அந்தக் கடுப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

கோயிலுக்கு முதலில் போனது விழாவுக்கு முந்தைய நாள் மதியம். சின்யிங்கில் ரயிலைவிட்டு இறங்கி டாக்சி பிடித்தேன். யான்ஷுய் என்றால் உப்புநீர். தைவானின் பழைய துறைமுக நகரங்களை வரிசையாகச் சொல்லும் சொலவடையில் நான்காவதாக வரும் ஊர் இது. பிறைபோல வளைந்த துறை என்பதால் நிலாத்துறை என்று பெயர். வண்டல் மூடி, கப்பல்கள் வராமல் போய், இப்போது அரைத்தூக்கத்தில் இருக்கும் சிற்றூர். முட்டை சேர்த்துப் பிசைந்த நூடுல்ஸுக்குப் பேர்போனது. (உண்மையைச் சொன்னால், விழாவைவிட அதுதான் நல்ல நினைவு.)

உள்ளே இருப்பவர் குவான் யூ. சிவந்த முகம், நீண்ட தாடி. சீனாவின் மூன்று அரசுகள் காலத்துத் தளபதி, எதிரியிடம் பிடிபட்டுத் தலைவெட்டப்பட்டவர். ஏறக்குறைய 1800 ஆண்டுகள் ஆகின்றன. தாவோவின் ஆதி ஞானி லாவோட்சுவைப் படித்துவிட்டு அங்கே நுழைகிறவருக்கு ஏமாற்றம்தான். உபநிஷதத்தைப் படித்துவிட்டு மதுரை வீரன் கோயிலுக்குள் பிரம்மத்தைத் தேடுவதுபோல. வெட்டுப்பட்டுச் செத்தவன் ஊர்க்காவலாக வந்து அமர்வதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தாவோ மதம் அவரைத் தன் தெய்வங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டது, பேரரசர்கள் பட்டம்மேல் பட்டம் கொடுத்தார்கள், பௌத்தர்களும் விடவில்லை. வாக்குத் தவறாதவர் என்பதால் வியாபாரிகளுக்கும் அவரே சாமி.

விழா 1885இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். ஊரில் காலரா. வீட்டுக்கு வீடு சாவு. குவான் யூவைப் பல்லக்கில் ஏற்றி, வெடி கொளுத்தியபடி தெருத்தெருவாகச் சுற்றினார்கள், நோய் நின்றது. கந்தகப்புகை கிருமியைக் கொன்றது என்று இன்று சிலர் விளக்குகிறார்கள். நான் நம்பவில்லை. காலரா தண்ணீரில் பரவுவது. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, குளத்துநீரிலும் பிணங்களிலும் தேடி, அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தது 1884இல். யான்ஷுய்க்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. கதவடைத்துக் கிடந்தவர்களை அந்த ஊர்வலம் தெருவுக்கு இழுத்துவந்தது. எனக்கு அதுவே போதும், அறிவியல் சாயம் பூச வேண்டாம்.

தாவோவுக்கும் வெடிக்கும் என்ன உறவு என்கிறீர்கள். வெடியே அவர்கள் வீட்டுப் பிள்ளைதான்! சாகாமருந்து தேடிய தாவோ ரசவாதிகள் கந்தகத்தையும் வெடியுப்பையும் கலந்து காய்ச்சிப் பார்த்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு தாவோ நூல் ஒன்று எச்சரிக்கிறது: இவற்றைத் தேனோடு சேர்த்துச் சூடாக்கியவர்களுக்குக் கையும் முகமும் வெந்தன, வீடே எரிந்தது. சீனமொழியில் வெடிமருந்தின் பெயர் ஹுவோயாவ், தீ மருந்து. நாமும் மருந்து என்றுதானே சொல்கிறோம்? பட்டாசுத் திரியைக் கிள்ளும்போது "மருந்து கொட்டிடாம" என்று அம்மா சொல்வாள். நோயைத் துரத்த அந்த மருந்தையே எடுத்த ஊர் யான்ஷுய். அதை நினைத்த பிறகு என் எரிச்சல் பாதி குறைந்துவிட்டது.

மீதிப் பாதி குறையாததற்குக் காரணம் என் கழுத்து. சீன நாட்காட்டியின் முதல் சந்திரமாதத்துப் பௌர்ணமியை ஒட்டிய இரவுகள் அவை. கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் நேர்ந்துகொண்டு வாசலில் ஆளுயரச் சட்டங்களை நிறுத்துகிறார்கள். தேனடைபோல கண்ணறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ராக்கெட், இப்படி ஆயிரக்கணக்கில். பல்லக்கு வந்து நின்றதும் மேலே போர்த்திய சிவப்புத்தாளைக் கிழித்துவிட்டுப் பற்றவைக்கிறார்கள். கூடு கலைந்த தேனீக்கள்போல ஊளையிட்டுக்கொண்டு நம்மேலேயே வருகின்றன. ஓடக்கூடாது. நின்ற இடத்தில் குதித்துக்கொண்டே இருக்கவேண்டும், அப்போதுதான் கால்சட்டைக்குள் ஏறாது. முகம் மூடிய ஹெல்மெட், கனத்த பருத்தி உடை, கையுறை, கழுத்து இடுக்கை அடைக்க ஒரு துண்டு. நைலான் ஆகாது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நான் துண்டைத் தளர்வாகக் கட்டியிருந்தேன். ஒரு பொறி உள்ளே போய்விட்டது. தழும்பு இருக்கிறது. பீடை போனதா என்று இன்னும் தெரியவில்லை. இதயநோயோ மூச்சிரைப்போ இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கும்பிடலாமா? தாராளமாக. யாரும் சாதி, மதம் கேட்பதில்லை. கோயிலைப் பார்த்து நிற்கையில் வலப்புறம் உள்ள வாசல் டிராகனுடையது, அதில் நுழையுங்கள். இடப்புறத்துப் புலிவாசலில் வெளியே வாருங்கள். நிலைப்படியை மிதிக்காதீர்கள், தாண்டுங்கள்.

குறிகேட்க பிறைவடிவ மரத்துண்டுகள் இரண்டு இருக்கும். ஒருபுறம் தட்டை, மறுபுறம் குவிவு. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சாமியிடம் சொல்லிவிட்டு வீச வேண்டும். தஞ்சாவூர் முகவரியைத் தமிழிலேயே சொன்னேன். நாளை இரவு கூட்டத்தில் நிற்கட்டுமா என்று கேட்டேன். ஒன்று தட்டை, ஒன்று குவிவாக விழுந்தால் சம்மதம். எனக்கு இரண்டும் தட்டை மேலாக விழுந்தன. சாமி சிரிக்கிறார் என்று பொருளாம். மறுபடி வீசினேன், மறுபடி அதே. பக்கத்தில் நின்ற மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாம் முறை வீசாமல் ஹெல்மெட் வாங்கப் போய்விட்டேன்.